‘ஹலாலா?’ என்று கேட்டால் ‘ஓம்’ என்றுதான் பதில் வரும்

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். நான் அக்கரைப்பற்றைச் சேர்ந்தவள். அரசாங்க நியமனம் கிடைத்து யாழ்ப்பாணத்துக்கு வந்திருக்கிறேன். இங்கே திருநெல்வேலிப் பகுதியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஊரில் எந்தக் கடையிலும் யோசிக்காமல் சாப்பிட்டுப் பழகியவள். இங்கே அலுவலகத்தில் நான் ஒருத்திதான் முஸ்லிம். கூட வேலை செய்யும் அக்காமார் நல்லவர்கள், வெளியே சாப்பிடப் போகும்போது என்னையும் கட்டாயம் கூப்பிடுவார்கள். ‘இந்தக் கடை ஹலால்தான், பயப்படாமல் சாப்பிடுங்கோ’ என்கிறார்கள். கடைக் கண்ணாடியில் ஹலால் என்று ஒட்டியிருந்தால் போதுமா? இறைச்சியை விட்டுவிட்டு மீன், முட்டை என்று சாப்பிட்டால் பிரச்சினை இல்லையா? துருவித் துருவிக் கேட்டால் அவர்கள் மனம் நோகுமோ என்றும் இருக்கிறது. அடுத்த மாதம் எங்கள் பணிப்பாளருக்குப் பிரியாவிடை விருந்து, ஒரு பெரிய ஹோட்டலில் பஃபே. போகாமல் இருக்கவும் முடியாது. என்ன செய்வது?

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம் தங்கச்சி. உங்கள் கடிதத்தில் உணவைப் பற்றிய கேள்விகளை விட, ‘மனம் நோகுமோ’ என்ற பயம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. முதலில் அதைத் தீர்த்துக்கொள்வோம். கேட்கக் கூச்சப்படுகிறவரால் எதையும் சரிபார்க்க முடியாது.

சாப்பாட்டைப் பற்றிக் கேள்வி கேட்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. இங்கே பல வீடுகளில் மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. வெள்ளிக்கிழமையில் மச்சம் ஏறாத அடுப்புகள் எத்தனையோ. நல்லூரில் கொடியேறினால் திருவிழா முடியும் 25 நாளும் மீன், இறைச்சி தொடாத குடும்பங்கள் இருக்கின்றன. கந்தசஷ்டி, கௌரி விரதம் என்று வருடம் முழுக்க ஏதாவது வரும். விரத நாளில் கடைக்குப் போய், ‘இந்த வடை என்ன எண்ணெயில் பொரிச்சது, மீன் பொரிச்ச எண்ணெயோ?’ என்று கேட்காத அக்கா உங்கள் அலுவலகத்தில் ஒருவரும் இருக்கமாட்டார். நீங்கள் கேட்கப்போவதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான். அவர்களிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘அக்கா, விரதத்துக்கு நீங்கள் மச்சக் கரண்டி படாமல் பார்ப்பீர்கள்தானே, எனக்கு ஒவ்வொரு நாளும் அப்படி.’ இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. அடுத்த முறை உங்களுக்காக அவர்களே கடைக்காரரிடம் கேட்பார்கள். இந்த ஊரில் நான் பல தடவை பார்த்த விஷயம் இது.

அப்புறம், ‘இந்தக் கடை ஹலால்தான்’ என்று அவர்கள் சொல்வதை என்ன செய்வது? அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் அவர்கள் வைத்திருப்பது மூன்றில் ஒன்றாக இருக்கும். அந்தக் கடையில் பன்றி இறைச்சி இல்லை. அல்லது முதலாளி முஸ்லிம். அல்லது அங்கே முஸ்லிம்கள் சாப்பிடுவதைக் கண்டிருக்கிறார்கள். மூன்றுமே நல்ல தகவல்தான், ஆனால் தட்டில் இருக்கும் கோழியை யார் அறுத்தார் என்று மூன்றும் சொல்லவில்லை. ‘பன்றி இல்லை’ என்பது வேறு, ‘ஹலால்’ என்பது வேறு. முறைப்படி அறுக்காத கோழியும் நமக்கு ஆகாதுதான்.

ஹோட்டல் சமையலறைகளையும் கோழி அறுக்கும் இடங்களையும் ஹலால் தணிக்கைக்காகப் பார்ப்பது என் தொழில். அந்த அனுபவத்தில் உங்களுக்கு ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல முடியுமென்றால் இதைத்தான் சொல்வேன்: ‘ஹலாலா?’ என்று கேட்காதீர்கள். மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு, பார்சல் கட்டிக்கொண்டு நிற்கும் ஒருவரிடம் அப்படிக் கேட்டால் ‘ஓம் தங்கச்சி, ஹலால்தான்’ என்ற பதில்தான் வரும். அவருக்குத் தெரிந்து சொன்னாரா, நீங்கள் போய்விடக் கூடாது என்று சொன்னாரா என்பதை அந்தப் பதிலிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. அதற்குப் பதிலாக, ‘அண்ணன், கோழி எங்கே வாங்குறீங்க?’ என்று கேளுங்கள். இதற்கு ஓம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. ஒரு கடையின் பெயரையோ ஒரு கொம்பனியின் பெயரையோ சொல்லித்தான் ஆக வேண்டும். உண்மையிலேயே ஹலால் பார்த்து வாங்குகிறவர் யோசிக்காமல் சொல்லிவிடுவார், சிலர் எவ்வளவு காலமாக வாங்குகிறார்கள் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். ‘எல்லா இடத்திலயும் எடுக்கிறதுதான்’ என்று இழுத்தால் அன்றைக்கு இறைச்சியை விட்டுவிடுங்கள்.

கேட்பதற்கும் நேரம் உண்டு. காலை பத்தரை, பதினொரு மணி, அல்லது பின்னேரம் மூன்று மணி. கூட்டம் இல்லாத நேரத்தில் முதலாளியோ சமையல்காரரோ நின்று பேசுவார். முடிந்தால் சமையல்காரரிடமே கேளுங்கள். காசு மேசையில் இருப்பவருக்கு விலை தெரியும், அடுப்படியில் இருப்பவருக்குத்தான் எந்தப் பெட்டியிலிருந்து எது வருகிறது என்று தெரியும்.

கோழி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. யாழ்ப்பாணத்துக் கடைகளுக்கு இது பெரும்பாலும் இரண்டு வழியில் வரும். ஒன்று, கொம்பனிகள் உறைய வைத்துப் பைகளில் அடைத்து அனுப்பும் கோழி. இதில் சரிபார்ப்பது சுலபம். பையைக் காட்டச் சொல்லுங்கள், கொம்பனியின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், அந்தக் கொம்பனிக்கு ஹலால் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, உள்ளூர் புரொய்லர் கோழிக்கடை. இங்கேதான் கடைக்குக் கடை வித்தியாசம். முதலாளி முஸ்லிமாக இருந்து, அறுக்கும் பையன் வேறொருவராக இருக்கலாம். நேர்மாறாக, கடைக்காரர் இந்துவாக இருந்து, முஸ்லிம் வாடிக்கையாளர்களுக்காக ஒரு முஸ்லிமை வைத்தே அறுப்பிப்பவராகவும் இருக்கலாம். ஆகவே பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம்.

அந்தக் கோழிக்கடைக்கு ஒரு தடவை நீங்களே போய்ப் பாருங்கள், ஒரு கோழி வாங்கப் போனது போல. பார்க்க வேண்டியது அதிகமில்லை. அறுப்பவர் முஸ்லிமா, பிஸ்மில்லாஹ் சொல்கிறாரா, கத்தி கூராக இருக்கிறதா, மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் முழுதாக அறுபடுகின்றனவா, கழுத்து இரத்த நாளங்களும் சேர்ந்து அறுபட்டு இரத்தம் நன்றாக வடிகிறதா. இவையெல்லாம் சரியாக இருக்கும் கடையிலும் ஓரிடத்தில் பிழை வரும். நெருக்கடி நேரத்தில், அறுத்த கோழி துடித்து அடங்குவதற்கு முன்னால் இறகு களைய வெந்நீருக்குள் போட்டுவிடுவார்கள். உயிர் போகும் முன்னே வெந்நீரில் போடுவது அந்தப் பிராணிக்குச் செய்யும் கொடுமை. அது இறந்தது அறுப்பினாலா, சூட்டினாலா என்ற சந்தேகமும் வந்துவிடுகிறது. ஆகவே துடிப்பு அடங்கும்வரை காத்திருக்கிறார்களா என்பதை நான் எப்போதும் முதலில் பார்ப்பேன். நீங்களும் அதைப் பாருங்கள்.

ஆட்டிறைச்சிக்கு வேறு கவனம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் பங்கு இறைச்சி என்று ஒரு வழக்கம் இருக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து ஓர் ஆட்டை அடித்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். தீபாவளியை ஒட்டிய நாட்களில் இது அதிகம். சிறிய சாப்பாட்டுக் கடைகளுக்கும் அந்த இறைச்சி வருவதுண்டு. சில கிராமக் கோயில்களில் வேள்விக்குப் பலியாக வெட்டிய ஆடும் பிறகு இறைச்சியாக விற்பனைக்கு வரும். அல்லாஹ் அல்லாத பெயரில் அறுக்கப்பட்டதைக் குர்ஆன் நேரடியாகவே தடுக்கிறது (2:173, 5:3). அவர்களுடைய வழிபாட்டைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, நாம் சாப்பிடாமல் இருந்தால் போதும். ‘இன்றைக்கு ஸ்பெஷல் ஆட்டுக்கறி’ என்று பலகை போட்டிருந்தால் ஆடு எங்கே அடித்தது என்று கேளுங்கள். போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாட்களில் இறைச்சிக்கடைகள் திறப்பதில்லை. அன்றைக்கு ஒரு கடையில் இறைச்சிக்கறி இருந்தால் அது முதல் நாள் வாங்கியதா, வேறெங்கோ கிடைத்ததா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

இனி அந்தக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். அரபு எழுத்தில் ஹலால் என்று அச்சடித்த ஸ்டிக்கரை யாரும் வாங்கி ஒட்டலாம். அது கடைக்காரர் தன் வாயால் சொல்வதற்குச் சமம். சான்றிதழ் என்பது வேறு. நம் நாட்டில் முன்பு மார்க்க அறிஞர்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா ஹலால் சான்றிதழ் வழங்கி வந்தது. 2013 இல் ஹலாலுக்கு எதிராகப் பெரிய பிரசாரம் நடந்ததும், அந்த வருடம் மார்ச் மாதம் உள்ளூர்ப் பொருட்களில் இலச்சினையைக் கைவிடும் முடிவு வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும், அல்லது வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். 2014 ஜனவரியிலிருந்து அந்தப் பணியை ஹலால் அக்ரடிட்டேஷன் கவுன்சில் என்ற தனி நிறுவனம் செய்து வருகிறது. அந்தக் காலத்துத் தாக்கம் இன்னும் இருக்கிறது. சான்றிதழ் வைத்திருந்தும் பொதியில் இலச்சினை போடாத உற்பத்தியாளர்கள் உண்டு. ஆகவே இலச்சினை இல்லை என்பதற்காக ஒரு பொருளை உடனே ஒதுக்க வேண்டாம். சான்றிதழ் பெற்றவர்களின் பட்டியலில் தேடிப் பாருங்கள், அல்லது அந்த நிறுவனத்திடமே கேளுங்கள்.

கடையில் சான்றிதழ் தொங்கினால் கிட்டப் போய் வாசியுங்கள். பெரும்பாலானோர் தூரத்தில் நின்று இலச்சினையைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். நான்கு விஷயம் பார்க்க வேண்டும்: வழங்கியது யார், யாருடைய பெயருக்கு, எந்த முகவரிக்கு, எந்தத் திகதிவரை. முகவரிதான் முக்கியம். கொழும்புக் கிளைக்கு வாங்கிய சான்றிதழின் பிரதியை இங்கே தொங்கவிட்டால் அது இந்தச் சமையலறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு குழப்பமும் வரும். சான்றிதழ் கடைக்கு இல்லாமல், அவர்கள் வாங்கும் கோழிக் கொம்பனிக்கு மட்டும் இருக்கும். கோழிக்கு அது நல்ல ஆதாரம். அதே கடையின் மாட்டிறைச்சிக்கோ சோசேஜஸுக்கோ அது பொருந்தாது. உணவு டெலிவரி செயலியில் கடைப் பெயருக்குப் பக்கத்தில் ஹலால் என்று போட்டிருப்பதையும் சான்றிதழாக எடுக்க வேண்டாம்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் சான்றிதழைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. சான்றிதழ் எடுக்கச் செலவாகும், அவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. அங்கே சான்று என்பது ஆட்கள்தான். யாழ்ப்பாணத்து முஸ்லிம் பகுதியான சோனகதெரு, ஐந்து சந்திப் பக்கம், மானிப்பாய் வீதி, ஒஸ்மானியா கல்லூரிச் சுற்றுவட்டாரம் எல்லாம் உங்களுக்கு இன்னும் பழக்கமாகியிருக்காது. ஒரு விடுமுறை நாளில் அங்கே போய் வாருங்கள். அந்தப் பகுதியின் கதை தெரியாமல் அதன் கடைகள் ஏன் இவ்வளவு குறைவு என்று புரியாது. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களோடு ஹோட்டல்களும் இறைச்சிக்கடைகளும் பேக்கரிகளும் போயின. நிறையக் குடும்பங்கள் புத்தளத்தில் வேரூன்றிவிட்டன. 2009 க்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் ஒவ்வொரு கடையாக மறுபடி கட்டியிருக்கிறார்கள். ஒரு நகரத்தில் ஹலால் உணவு சுலபமாகக் கிடைக்கிறது என்றால் அறுப்பவர், விற்பவர், சமைப்பவர் என்று ஒரு சங்கிலியே அங்கே தொடர்ந்து இருக்கிறது என்று அர்த்தம். இங்கே அந்தச் சங்கிலி ஒரு தலைமுறைக் காலம் அறுந்து கிடந்தது. உங்களைப் போன்றவர்கள் தேடிப் போய்ச் சாப்பிட்டால் அந்தக் கடைகளுக்கும் அது பலம்.

பள்ளிவாசலில் பெண்களுக்கான வகுப்புகள் நடந்தால் போய் அறிமுகமாகுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பகுதியில் ஒரு குடும்பத்தைப் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தக் கடையில் சமையல்காரர் மாறிவிட்டார், எந்தக் கடை இப்போது வேறிடத்தில் கோழி எடுக்கிறது என்பதெல்லாம் அந்த வீட்டுப் பெண்களுக்கு உடனே தெரியும்.

இனி மீன், முட்டை. இதில்தான் பலர் அறியாமல் விழுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். மீனை அறுக்க வேண்டியதில்லை, கடலில் பிடித்தது ஆகும். நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி (இஸ்லாமியச் சட்ட வழிமுறைகளில் ஒன்று) இறால், கணவாய் எல்லாமே ஆகும். யாழ்ப்பாணத்தில் இவை கிடைக்கும் அளவுக்கும் ருசிக்கும் இறைச்சியே தேவையில்லை என்று எனக்குத் தோன்றும். நண்டு மட்டும் தனிக் கேள்வி. நிலத்திலும் நீரிலும் வாழ்வது என்பதால் கூடாது என்ற கருத்து ஷாஃபிஈ சட்டத்தில் பலமாக இருக்கிறது, ஆகும் என்ற அறிஞர்களும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் நண்டு சாப்பிடமாட்டீர்கள் என்றால் ஒடியல் கூழை ஓர்டர் பண்ணும் முன் கேளுங்கள். மீன், இறால், பயற்றங்காய், மரவள்ளியோடு நண்டும் அதில் சேர்வது வழக்கம். குடித்து முடித்த பிறகு கோப்பைக்குள் நண்டுக் கால் கிடக்கும்.

மீன் ஆகும் என்றாலும் அதைப் பொரித்த எண்ணெய் எது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரே தாச்சியில் கோழியும் மீனும் பொரிக்கும் கடைகள் அதிகம். கொத்துறொட்டி இன்னும் சிக்கல். ‘முட்டைக் கொத்துத்தானே’ என்று நினைப்போம். கல்லில் றொட்டியையும் முட்டையையும் போட்டுக் கொத்தும்போது ஈரத்துக்காக ஒரு கரண்டி இறைச்சிக் குழம்பு ஊற்றுவார்கள். அதுதான் கொத்துக்கு ருசி தருவது, ஆகவே நீங்கள் சொல்லாவிட்டால் கட்டாயம் ஊற்றுவார்கள். மரக்கறி ஃப்றைட் றைஸில் கோழிச் சுவைக்கட்டி விழும். பிளேன் றொட்டிக்குத் தொட்டுக்கொள்ள வரும் குழம்பிலும் இறைச்சிச் சாறு இருக்கும். ‘குழம்பு விடாமல், கல்லைக் கழுவிப்போட்டு’ என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்ல வசதிப்படாத கூட்டமென்றால் சைவக் கடைக்குப் போங்கள்.

பாத்திரத்தில் ஒரு வேறுபாடு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் தேவையில்லாத பயம் குறையும். முறைப்படி அறுக்காத கோழி சமைத்த சட்டியை நன்றாகக் கழுவிவிட்டால் சரி. பன்றி இறைச்சி சமைத்த சட்டி அப்படியல்ல. ஷாஃபிஈ மத்ஹபில் அதை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். எந்த ஹோட்டலும் அப்படிக் கழுவப்போவதில்லை. ஆகவே பன்றி இறைச்சி சமைக்கும் கடையில் ‘மீன் மட்டும்’ என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார வேண்டாம். மெனுவில் பன்றி, பேக்கன், ஹாம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தனிச் சமையலறை இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் வேறு கடைக்குப் போகலாம் என்று அக்காமாரிடம் நேராகவே சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய இன்னொரு விஷயம் அப்பம். பழைய முறையில் அப்ப மாவைப் புளிக்க வைப்பது பனங்கள்ளு விட்டு. ஈஸ்ட் போடும் கடைகள் இப்போது நிறைய, ஆனாலும் கள்ளு விட்டால்தான் அப்பம் என்று சொல்லும் கைகள் இன்னும் இருக்கின்றன. ‘மா எதில் புளிக்க வைச்சது?’ என்று கேட்டால் பெருமையோடு உண்மையைச் சொல்வார்கள். புளிக்காத பதநீரும் பனங்கட்டியும் தாராளமாகச் சாப்பிடலாம். கள்ளிலிருந்து தானாக மாறிய வினாகிரியும் ஆகும்.

சைவக் கடைகளைப் பற்றி உங்களுக்குப் பயமே வேண்டாம். இந்த ஊரில் சைவக் கடை என்றால் உண்மையிலேயே சைவம்தான். மீன் கூட வாசல் தாண்டாது. பழைய மலாயன் கபேயிலிருந்து வீதிமுனைத் தோசைக் கடை வரைக்கும், நேரமில்லாத மத்தியானத்துக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. உங்கள் அக்காமாரின் கல்யாண வீடுகளிலும் அப்படித்தான், இந்துக் கல்யாணச் சாப்பாடு பெரும்பாலும் வாழையிலையில் சைவமாகவே இருக்கும். கேக் துண்டில் மட்டும் கவனமாக இருங்கள். மினுக்குத் தாளில் சுற்றிப் பெட்டியில் தரும் ரிச் கேக்கில் பிராந்தி ஊறவைப்பது இலங்கை முழுக்க வழக்கம். ஐஸ்கிறீமில் ஜெலட்டினும் ஈ 471 என்ற குழம்பாக்கியும் பார்க்க வேண்டியவை. ஈ 471 தாவர எண்ணெயிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும், பெட்டியில் அந்த எண்ணை மட்டும் பார்த்து எது என்று கண்டுபிடிக்க முடியாது. சான்றிதழ் இருந்தால் தெளிவாகும். சைனா கிராஸில் செய்த ஜெலி கடற்பாசிதான், அது ஆகும்.

அலுவலகத்தில் வாணி விழா வரும், கோயில் புக்கையும் மோதகமும் கொண்டுவந்து தருவார்கள். அதைச் சாப்பிடலாமா என்பது உணவுத் தொழில்நுட்பக் கேள்வி அல்ல. கிறிஸ்தவர் அறுத்தது ஆகுமா என்பதும் அப்படித்தான், குர்ஆனின் 5:5 வசனத்தை வைத்து ஷாஃபிஈ அறிஞர்கள் சொல்லும் நிபந்தனைகள் இறுக்கமானவை. இரண்டையும் நீங்கள் நம்பும் ஓர் ஆலிமிடம், அதாவது மார்க்க அறிஞரிடம், கேளுங்கள். நான் சொல்லக்கூடியது, மறுப்பதாக இருந்தாலும் இரண்டு கையாலும் மரியாதையாக மறுங்கள் என்பதுதான்.

கடைசியாகப் பிரியாவிடை விருந்து. இதற்கு ஒரு மாதம் இருக்கிறது என்பதே உங்களுக்கு நல்லது. விருந்து ஒழுங்கு செய்யும் அக்காவிடம் இந்தக் கிழமையே பேசுங்கள். ‘எனக்கு ஒரு தட்டு தனியாக’ என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அன்றைக்குச் சமையலறை நெருக்கடியில் உங்கள் தட்டுத்தான் மறக்கப்படும். அதற்குப் பதிலாக, ‘மொத்தக் கோழியையும் ஹலால் இடத்தில் வாங்கச் சொல்ல முடியுமா?’ என்று கேளுங்கள். மற்ற யாருக்கும் இதில் ருசியிலோ அளவிலோ குறையப்போவதில்லை. ஹோட்டலுக்கும் இது புதிய கோரிக்கை அல்ல, கொழும்பிலிருந்து வரும் குழுக்கள் கேட்பதுதான். அதன்பின் நீங்களோ அந்த அக்காவோ ஹோட்டலின் தலைமைச் சமையல்காரரிடம் தொலைபேசியில் மூன்று விஷயம் கேளுங்கள்: கோழியும் மாடும் யாரிடமிருந்து வருகின்றன, அன்றைய மெனுவில் பன்றி இறைச்சி இருக்கிறதா, இனிப்புகளில் எதில் மதுவோ ஜெலட்டினோ சேர்கிறது. ட்றைஃபிளிலும் மூஸிலும் இரண்டில் ஒன்று இருக்கக்கூடும். வட்டிலாப்பத்தில் பெரும்பாலும் முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை, வாசனைப் பொருட்கள்தான். கரமல் புடிங்கையும் முட்டையில் செய்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

விருந்து நாளில் முதல் ஆட்களோடு போய் எடுத்துவிடுங்கள். பஃபேயில் நேரம் போகப் போகக் கரண்டிகள் சட்டி மாறும், இறைச்சிக் கரண்டி மீன் சட்டிக்குள் கிடக்கும். மது பரிமாறும் மேசை இருந்தால் தள்ளி ஒரு மேசையில் அக்காமாரோடு உட்காருங்கள், முன்பே சொல்லி வைத்தால் அவர்களே இடம் பிடித்துத் தருவார்கள். ஹோட்டலிலிருந்து தெளிவான பதில் வராவிட்டால் இறைச்சி, பொரித்த மீன் இரண்டையும் விட்டுவிட்டுச் சோறு, பருப்பு, மரக்கறி, சம்பல், பழம் என்று எடுங்கள். மரக்கறிகள் தனிச் சட்டியில் சமைத்தவையா என்பதை மட்டும் அங்கே நிற்கும் பையனிடம் கேளுங்கள்.

ஹோட்டலில் சான்றிதழ் இருக்கிறது என்று சொன்னால், தொலைபேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லி எனக்கும் அனுப்புங்கள். அது அந்தக் கிளைக்கு உரியதா, திகதி இன்னும் முடியவில்லையா என்று பார்த்து விருந்துக்கு முன்பே பதில் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.